மூலனின் மனைவியும் பெலிண்டா சந்திராவும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டைத் தாண்டினால் வருகிற ஏலத் தோட்டங்களில் ஒரு செடிக்கு வயது சொல்வது லேசில்லை. மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்கிலிருந்து தட்டைகள் கிளம்பும். ஒவ்வொரு தட்டையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்த்து ஓயும். கவாத்தில் அதை வெட்டி எறிவார்கள். அதற்குள் பக்கத்தில் புதுசு எழும்பியிருக்கும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் பழைய தட்டை ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் தோட்டக்காரருக்கு அது அதே செடிதான். ஞள்ளானி ரகத்தில் கணக்கு இன்னும் சிக்கல். இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ரகம் அது. விதை போட்டால் குணம் மாறிவிடும் என்று தூரைப் பிரித்து நடுகிறார்கள். பிரித்த தூர் மலை முழுக்கப் பரவிய பிறகு, முதல் செடி எது, மற்றவை எவை? செடிக்கு இந்தக் கேள்வியால் நஷ்டமில்லை. மனிதருக்கு உண்டு.

இதே கேள்வியை வைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்துவருகிறது பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர். 1963இல் தொடங்கியது. மூன்றே வருஷத்தில் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனது. தொடரை நிறுத்த மனமில்லாதவர்கள் ஒரு உபாயம் கண்டார்கள்: டாக்டர் என்ற அந்த நாயகன் வேற்றுலகவாசி, சாகும் தறுவாயில் உடம்பை மாற்றிக்கொள்வார். முகமும் குரலும் சுபாவமும் மாறும், ஞாபகம் தொடரும். ஒரு நடிகரின் உடல்நிலைக்காகச் செய்த ஏற்பாடு, சமாளிப்பாகத் தொடங்கி தத்துவமாகிவிட்டது.

அந்தத் தொடருக்கு 2025இல் துணை நாயகியாக வந்தவர் வரதா சேது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்து மாநிலமான கேரளத்தில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து போய் நியூகாசிலில் வளர்ந்தவர். 2022இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'ஆண்டோர்' தொடரில் சின்டா காஸ் என்ற கிளர்ச்சிக்காரியாக நடித்தார். அதிகம் பேசாத, பார்வையாலேயே பயமுறுத்துகிற பாத்திரம். 2024இல் 'டாக்டர் ஹூ'வின் ஒரே ஒரு கதையில் மண்டி ஃப்ளின் என்ற எதிர்காலப் படைவீராங்கனையாக வந்தார். அடுத்த ஆண்டே அதே முகத்தோடு பெலிண்டா சந்திரா என்ற லண்டன் நர்ஸாகத் திரும்பினார். மண்டி, பெலிண்டாவின் வழித்தோன்றல் என்று கதையில் சமாதானம் சொன்னார்கள். டாக்டருக்கு ஆள் ஒன்று, முகம் பல. வரதாவுக்கு முகம் ஒன்று, ஆள் இரண்டு.

எது ஆளை ஆளாக்குகிறது? ஞாபகம்தான் என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் அவர் சேர்த்த அத்தியாயத்தில், ஓர் இளவரசனின் நினைவு செருப்புத் தைப்பவனின் உடம்பில் புகுந்தால் அவன் இளவரசனே என்று வாதிடுகிறார்.

லாக் யோசிக்காத ஒருத்தியைப் பற்றி, அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே சேக்கிழார் யோசித்திருக்கிறார். சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று அழுகின்றன. அவ்வழியே வந்த யோகி இரக்கப்பட்டு அந்த உடம்பில் புகுந்து, மாடுகளை ஊருக்கு ஓட்டிச் செல்கிறார். மூலனின் மனைவி வந்து தொடப்போகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகிக்கொள்கிறார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்துவிட்டு, இவர் யோகி என்று சொல்லி அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். யோகி திருமூலராகித் திருமந்திரம் பாடினார். லாக்கின் கணக்குப்படியும் சைவத்தின் கணக்குப்படியும் உடம்பு வெறும் கூடு, தீர்ப்பு சரி. ஆனால் ஒரே நாளில் தாலி கட்டியவனையும் இழந்து, அவன் முகத்தோடு எதிரில் நடமாடுகிறவரையும் பார்க்க நேர்ந்தவளுக்கு அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது? பசுக்களின் துயரம் யோகியை உருக்கியது, இவளுடையது உருக்கவில்லை.

மணிமேகலையிலும் இதே விபரீதம், இன்னும் ரத்தத்தோடு. நாடகக் கணிகையர் குலத்தில் பிறந்த மணிமேகலை, மந்திரத்தால் காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண்ணின் உருவம் எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தேடி வருகிறான். தன் மனைவி தன்னைக் கண்டுகொள்ளாமல் இளவரசன் உதயகுமாரனோடு பேசுவதாக நினைத்து அவனை வெட்டிக் கொல்கிறான். உருவம் பொய், உறவின் உரிமை மெய். இரண்டும் மோதியதில் ஓர் உயிர் போனது. நம் காப்பியங்கள் 'நான் யார்' என்ற கேள்வியைத் தனியாக உட்கார்ந்து கேட்பதில்லை. வாசலில் யாராவது உரிமையோடு வந்து நிற்கிறார்கள்.

பெலிண்டாவின் கதை இங்கேதான் உறுத்துகிறது. அவள் அறிமுகமான கதையிலேயே டாக்டரிடம் சண்டை பிடிக்கிறாள்: என்னைக் கேட்காமல் என் டிஎன்ஏவை எப்படிச் சோதிக்கலாம்? சாகசம் வேண்டாம், வீட்டுக்குப் போக வேண்டும், மருத்துவமனை டியூட்டி இருக்கிறது. தொடர் முழுக்க அவள் கேட்பது அது ஒன்றுதான். 2025 மே 31இல் வந்த, அந்தப் பருவத்தின் இறுதிக் கதையில் டாக்டர் ஒரு குழந்தையைக் காப்பாற்ற உலகின் நடப்பையே சற்றுத் திருப்பிவைக்கிறார். திருப்பியதும் பாப்பி என்ற அந்தக் குழந்தைக்குப் பெலிண்டா தாய்; எப்போதுமே தாய். அவள் வீட்டுக்குப் போகத் துடித்ததெல்லாம் பிள்ளைக்காக என்று பழைய காட்சிகளும் மாற்றிக் காட்டப்படுகின்றன.

அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஞாபகம் முழுசாக, ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் இருக்கிறது. லாக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூலனின் மனைவியாவது தன் புருஷன் எங்கே என்று ஊரைக் கூட்டிக் கேட்டாள். பழைய பெலிண்டா எங்கே என்று கேட்க அந்தக் கதைக்குள் ஆளே இல்லை. மிச்சமிருக்கிற சாட்சி, முந்தைய வாரக் கதைகளைப் பார்த்த ரசிகர்கள்தான். அவர்களில் பலர் கோபப்பட்டதும் நியாயமே. வரதாவின் நடிப்பில் குறையில்லை. சண்டைக்காரியைச் சண்டைக்காரியாகவும் தாயைத் தாயாகவும் நம்பவைத்தார், அதனாலேயே இழப்பு கூடுதலாகத் தெரிந்தது.

போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கடந்து காய் எடுக்கப் போய், பொழுது சாய வீடு திரும்புகிற பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் எங்கே இடறும் என்று ஊகிக்கலாம். அவர்களில் பிள்ளை உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகணும் என்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. காலத்தையே கடக்கும் வண்டி வைத்திருக்கிற டாக்டருக்கும் அவரை எழுதியவர்களுக்கும் மட்டும் ஒரு நர்ஸின் அந்த ஆசைக்குக் காரணமாக ஒரு குழந்தை தேவைப்பட்டது.