கூடிக் கற்றலும் அதன் விலையும்

கல்விக்குப் பொருள் பெறலாமா என்னும் வினா எமது சமூகத்துக்குப் புதியதன்று. ஆயினும், முன்னைய தலைமுறையினர் அறிந்திராத வடிவமொன்றில் அவ்வினா இன்று எம்முன் வந்து நிற்கின்றது. தனியார் கல்வி நிலையத்தின் தகரக் கொட்டகையிலே, நெருக்கமாக இடப்பட்ட வாங்குகளில் அமர்ந்து கற்ற காலத்தில் ஆசிரியர் எதனை விற்றார், மாணவர் எதனை வாங்கினார் என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டிகளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை வழியே கதைத்துச் செல்லும் நண்பர்களின் உரையாடல் எவருடைய விற்பனைப் பொருளாகவும் இருக்கவில்லை. இன்றைய நிகழ்நிலைக் கல்வி வணிகத்திலே அந்த ஒழுங்கைக் கதையும் விலைப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இக்கட்டுரை அதனைப் பற்றியதே.

இவ்வணிகத்தை நடத்துவோர்க்கு வழங்கப்படும் அறிவுரை பெரும்பாலும் மூன்று படிகளைக் கொண்டது. முதலில் உள்ளடக்கத்தை இலவசமாக வெளியிட்டுப் பார்வையாளரைத் திரட்டுக. அடுத்துப் பாடநெறியொன்றை அமைத்து அவருள் ஒரு பகுதியினருக்கு விற்க. ஈற்றில் அவர்களை ஒரு சமூகமாக்கி, மாதந்தோறும் சந்தா செலுத்தச் செய்க. 2008ஆம் ஆண்டில் கெவின் கெலி என்னும் அமெரிக்க எழுத்தாளர், ஒரு கலைஞனுக்கு ஆயிரம் உண்மை அபிமானிகள் இருந்து, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு டொலர் செலவிடுவாராயின் அவன் எவரையும் சாராது வாழலாம் என்று எழுதினார். அவர் கூறியதில் ஒரு விடுதலை உணர்வு இருந்தது. பதிப்பாளரும் இடைத்தரகரும் இன்றி, ஆக்குவோனும் நுகர்வோனும் நேரே சந்திக்கலாம் என்னும் நம்பிக்கை அது. பின்னர் இதே எண்ணம் வணிகப் பயிற்சியாளரின் கைக்கு வந்தபோது, அபிமானி மாத வருமானத்தின் ஓர் அலகாக எண்ணப்படலானான்.

இதனைக் கேட்டவுடன் முகஞ்சுளித்து, 'எமது முன்னோர் கல்வியை விற்றதில்லை' என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அக்கூற்று உண்மைக்குப் பொருந்தாது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியிலே, நூலைக் கேட்டற்குரியார் அறுவரைத் தொகுத்துரைக்கின்றார். ஆசிரியனின் மகன், அவ்வாசிரியனுக்கு ஆசானாயினானின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்போன், வழிபடுவோன், உரைத்ததை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் என்பன அவர் தரும் வரிசை. பொருள் கொடுப்போன் நான்காம் இடத்திலே வெளிப்படையாக நிற்கின்றான். இலக்கண ஆசிரியர் அதற்கு நாணவில்லை. அவரே சீயகங்கன் என்னும் சிற்றரசனின் ஆதரவில் அந்நூலை இயற்றியவர்; அறிவு எதனை உண்டு வாழ்கின்றது என்பதை அறிந்தவர். எனினும் கொடுப்பதற்குப் பொருளின்றிக் கொள்ளும் ஆற்றலை மட்டுமே உடையவனையும் அவர் அவ்வரிசையிலே சேர்த்துள்ளார். அந்த ஆறாமவனைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

கிரேக்க நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. கட்டணம் பெற்றுக் கற்பித்த சோபிஸ்ற்றுக்களைச் சோக்கிரதீசும் பிளேற்றோவும் ஐயத்தோடு நோக்கினர். ஆனால் பிளேற்றோவின் உரையாடலிலேயே புரொட்டகோரசு தமது வழக்கத்தைக் கூறும் இடமொன்று உண்டு. கேட்ட கட்டணத்தைக் கொடுக்க உடன்படாத மாணவன் கோயிலுக்குச் சென்று, தான் கற்றவற்றின் பெறுமதி இவ்வளவு எனச் சத்தியம் செய்து, அத்தொகையை வைத்துவிட்டுப் போகலாம் என்கின்றார். சந்தாவைப் புதுப்பிக்கத் தவறிய மறுகணமே வாயிலை அடைக்கும் இன்றைய செயலிகளோடு ஒப்பிடுகையில், அந்தப் பழைய வணிகர் எவ்வளவோ பெருந்தன்மையுடையவராகத் தோன்றுகின்றார்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். வகுப்பு, உள்ளடக்கம், சமூகம் என்னும் மூன்றையும் ஒருங்கே அமைத்த ஒருவரை நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். 1848இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் அச்சியந்திரம் கொணர்ந்து நூல்களைப் பதிப்பிக்கலானார். கேட்போர் கூட்டம், பாடசாலை, பாடநூல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நூல்களுக்கு விலை இருந்தது. பள்ளி பொதுமக்களின் உதவியால் நடந்தது. மிசனரிமாரின் முறையையே கைக்கொண்டு அவர்களோடு போட்டியிட்ட அந்த மதிநுட்பத்தை வணிகப் பயிற்சியாளர் எவரும் வியந்து நோக்குவர். ஆனால் அந்த அவையிலும் அந்தப் பள்ளியிலும் யார் இருக்கவில்லை என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். சாதியின் பெயரால் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர்க்கு அங்கு கட்டணம் இருந்ததா இல்லையா என்பது பொருளற்ற வினா. பாடசாலைகளிலே சம ஆசனம் வேண்டி 1920களின் இறுதியிலும் அதன் பின்னரும் எமது குடாநாட்டில் நடந்த போராட்டம், விலையில்லாக் கல்வியும் பூட்டிய கதவை உடையதாயிருக்கலாம் என்பதற்குச் சான்று. இதனை மறந்து, 'அக்காலம் அறக்காலம்' என்போருடன் எனக்கு உடன்பாடில்லை.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டின் கொள்கையாயிற்று. அதன் பயனாகவே என்னைப் போன்றோர் இன்று கலைப்பீடத்திலே அமர்ந்திருக்கின்றோம். ஆயினும் அனுமதிக்கான இடங்கள் குறைவாகவும் வேண்டுவோர் மிகுதியாகவும் இருந்தமையாலும், 1971இல் தரப்படுத்தல் வந்து போட்டியைக் கடுமையாக்கியமையாலும், இலவசப் பாடசாலையின் நிழலிலேயே கட்டண வகுப்பு செழித்தது. ரியூசன் இன்றிப் பரீட்சையில்லை என்னும் எண்ணம் பெற்றோர் மனத்தில் வேரூன்றியது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவ்வகுப்புகள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. 2022இல் பல மணிநேர மின்வெட்டுக்கும் எரிபொருள் வரிசைகளுக்கும் இடையே, பயணம் செய்ய இயலாத நிலையில், அவை அங்கேயே நிலைபெற்றன.

இவ்வளவும் பொதுச் செய்தி. எனது சொந்தப் பங்கையும் கூறாது விடுதல் நேர்மையாகாது.

2023இல் நானும் எனது விடுதி நண்பனும் சேர்ந்து, சாதாரண தரத் தமிழ் மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் நிகழ்நிலை வகுப்பொன்றைத் தொடங்கினோம். சில பாடங்களை யூரியூப்பில் எவரும் பார்க்கக்கூடியதாக இட்டோம். முழுப் பாடநெறிக்கு மாதம் ஐந்நூறு ரூபா. பணம் செலுத்தியோர் ரெலிகிராமிலுள்ள குழுவொன்றில் சேர்க்கப்பட்டனர். பதினொரு மாணவருடன் தொடங்கியது, ஓராண்டிற்குள் நூற்றைத் தாண்டியது. நண்பனின் தந்தை இல்லை. அவனது பங்கிலேயே தங்கையின் படிப்பும் நடந்தது. எனவே பத்தாந் திகதிக்குள் பணம் செலுத்தாதோர் குழுவிலிருந்து நீக்கப்படுவர் என்று விதி செய்தோம். மாதந்தோறும் பெயர்களைச் சரிபார்த்து நீக்கும் வேலை என்னுடையது. அதற்கு ஓரிரு நிமிடங்களே செல்லும்.

அவ்வாறு நீக்கப்பட்டவருள் வடமராட்சி கிழக்கைச் சேர்ந்த கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவன் ஒருவனும் இருந்தான். இரண்டு மாதங்களாக அவன் பணம் செலுத்தவில்லை. நீக்கிய மறுநாள் இரவு குழுவிலே ஒரு மாணவி புணர்ச்சி விதியொன்றைப் பற்றி வினவினாள். எவரும் விடையளிக்கவில்லை. பின்னர் வேறொருத்தி அம்மாணவனின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் எங்கே என்று கேட்டாள். அப்பொழுதுதான் முன்னைய பதிவுகளைப் பின்னோக்கிப் படித்தேன். நாங்கள் உறங்கிய பின், இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், ஏனையோரின் ஐயங்களுக்கு மாதக்கணக்காக விடையளித்து வந்தவன் அவனே. கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்பிய விளக்கங்கள் அறுபதுக்கு மேலிருந்தன. அவற்றுட் சில எனது விளக்கங்களினும் தெளிவானவை. நன்னூலார் கூறிய ஆறாமவன் அவன். அவனைத்தான் நான் வெளியேற்றியிருந்தேன்.

வறியவனுக்கு இரக்கம் காட்டத் தவறினேன் என்பதோடு இதனை முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பின் தீர்வும் எளிது: இயலாதோர்க்குக் கட்டண விலக்கு அளித்தால் போதும். ஆனால் சிந்திக்கச் சிந்திக்க, பிழை வேறிடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தக் குழுவிலே இருவகைப் பொருள்கள் இருந்தன. ஒன்று, நானும் நண்பனும் தயாரித்த பாடம். அதற்காக நாம் இரவுகளைச் செலவிட்டோம். டேற்றாவுக்கும் ஒலிவாங்கிக்கும் பணம் கொடுத்தோம். அதற்குக் கூலி கேட்பது தச்சன் தன் வேலைக்குக் கூலி கேட்பதைப் போன்றதே. மற்றையது, மாணவர் ஒருவருக்கொருவர் அளித்த விடைகளும் ஊக்கமும் தோழமையும். அவற்றை ஆக்கியவர் அவர்கள். இருந்தும் எமது விளம்பரத்திலே, 'எமது குழுவில் எந்நேரமும் ஐயம் தீர்க்கலாம்' என்று எழுதி அதனையும் நாமே விற்றோம். அம்மாணவனின் உழைப்பை அவனுக்கே ஐந்நூறு ரூபாவுக்கு விற்க முயன்று, அவன் வாங்க இயலாதபோது, அவன் ஆக்கியதை வைத்துக்கொண்டு அவனை வெளியே விட்டோம். ஆலை முதலாளியைப் பற்றி நாம் கருத்தரங்குகளில் எவ்வளவோ பேசுகின்றோம். அங்கே தொழிலாளிக்குக் குறைந்த கூலியேனும் உண்டு.

நண்பன் இதனை ஏற்கவில்லை. அவனது வாதம் வலியது. அதனை மெலிவித்துக் கூறுதல் முறையன்று. 'குழு தானாக உண்டாகவில்லை. நாங்கள் கூப்பிட்டதால் வந்தார்கள். சண்டை வந்தால் தீர்ப்பதும், வேண்டாத படங்களை அழிப்பதும், பெற்றோருக்குப் பதில் சொல்வதும் நாங்கள். அதுவும் வேலைதானே? காசு கட்டாதவனை உள்ளே விட்டால் அடுத்த மாதம் கட்டுகிறவனும் கட்டான். பிறகு வகுப்பும் இல்லை, குழுவும் இல்லை' என்றான். கூட்டிவைத்தலும் உழைப்பே என்பதை மறுக்க முடியாது. அதற்கும் கூலி வேண்டும். ஆனால் கூலி வேறு, உடைமை வேறு. மண்டபத்தைக் கூட்டி வாங்குகளை அடுக்கிவைத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம். அதனால் அம்மண்டபத்திற் பேசப்பட்டவை எல்லாம் அவனுக்கு உரியனவாகிவிடா.

எமது ஊர்களிலுள்ள வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் இங்கு நினைத்தல் தகும். அங்கும் சந்தா உண்டு. செயலாளர் உண்டு; பொருளாளர் உண்டு. ஆனால் நிர்வாக சபையை உறுப்பினரே தெரிவு செய்வர். பொதுக் கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கப்படும். அதிலே ஐம்பது ரூபா பிழைத்தாலும் எழுந்து நின்று கேட்கும் ஒரு முதியவர் எந்த ஊரிலும் இருப்பார். சந்தாப் பணத்தில் வாங்கிய பத்திரிகையை உறுப்பினரல்லாதவனும் வந்திருந்து வாசித்துப் போகலாம். மூளாயிலே ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்தியவர்கள் எம்மவர். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. 1981இல் எரிந்த பொதுசன நூலகத்தின் நினைவைச் சுமக்கும் ஒரு சமூகம், பலரின் நன்கொடையாலும் உழைப்பாலும் அதனைச் செய்தது. இவையெல்லாம் பணமின்றி நடந்தவை அல்ல. பணம் கொடுத்தோர்க்கும் கொடாதோர்க்கும் இடையே கதவு எங்கே வைக்கப்பட்டது என்பதே வேறுபாடு. நிகழ்நிலைக் குழுவிலோ செயலாளரும் பொருளாளரும் நீதிபதியும் வாயிற்காவலனும் ஒருவனே. அவனது விரலசைவுக்கு மேல்முறையீடு இல்லை. அவ்விரல் சில காலம் என்னுடையதாக இருந்தமையால், அந்த அதிகாரம் எவ்வளவு இலகுவாகப் பழகிவிடுகின்றது என்பதையும் அறிவேன்.

ஈற்றில் நானும் நண்பனும் அரைகுறையான ஓர் இணக்கத்துக்கு வந்தோம். பாடப் பதிவுகளுக்குக் கட்டணம் தொடரும். குழு கட்டணமின்றித் திறந்திருக்கும். யாரையேனும் நீக்க வேண்டின் மாணவர் மூவரைக் கேட்டே நீக்குவோம். விளம்பரத்திலிருந்து அந்த வரி எடுக்கப்படும். அவன் அஞ்சியது ஓரளவு நடந்தது. அடுத்த மாதமே பணம் செலுத்துவோர் தொகை குறைந்தது. அவனது பங்கு குறையாதிருக்க எனது பங்கிலிருந்து சிறிது கொடுக்கின்றேன். இது நெடுநாள் செல்லாது என்பதை இருவரும் அறிவோம். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் கூடிய கட்டணம் பெற்று ஈடுசெய்யலாம் என்கின்றான் நண்பன். தூரத்தில் உள்ளவன் என்பதற்காக ஒருவனிடம் மிகுதியாகப் பெறுவது நீதியா என்னும் அடுத்த வழக்கு அங்கே காத்திருக்கின்றது.

அம்மாணவனுடன் சென்ற மாதம் தொலைபேசியிற் பேசினேன். பரீட்சை எழுதிவிட்டதாகவும் தகப்பனுடன் கடலுக்குச் சென்று வருவதாகவும் கூறினான். அவனுடைய விளக்கங்களை ஒன்றுசேர்த்துக் குழுவில் உள்ளோர்க்குக் கொடுக்கலாமா, பெயரைப் போடலாமா என்று கேட்டேன். பெயரைப் பற்றி அவன் எதுவும் கூறவில்லை. தனக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டான். கொப்பி மழையில் நனைந்துவிட்டதாம். குழுவிலிருந்து நீக்கப்பட்ட அன்றே, தான் எழுதியவற்றைத் தான் பார்க்கும் வழியும் அவனுக்கு மூடப்பட்டுவிட்டது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அன்றிரவே அனுப்பிவைத்தேன்.