தபாரக் சூரா ஓதுகிறோம், பறவையைப் பார்க்கிறோமா?

இரவில் தூங்கும் முன் நம்மில் பலர் சூரத்துல் முல்க் ஓதுகிறோம். விரித்தும் மடக்கியும் பறக்கும் சிறகுகளைக் கவனித்தீர்களா என்று அதன் 19-வது வசனத்தில் அல்லாஹ் கேட்கிறான். வானத்தை ஒருமுறை பார்த்தது போதாது, மறுபடியும் பாருங்கள் என்று அதே சூராவின் தொடக்கத்தில் சொல்கிறான்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வாலிபர், கோடியக்கரையில் எடுத்த பூநாரைப் படங்களைக் காட்டினார். அழகான படங்கள்தான்.

"எல்லாமே பறக்குதே தம்பி?"

"கல் எறிஞ்சோம் ஹஜ்ரத். அப்பதான் படம் நல்லா வரும்."

படம் எடுப்பதைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால், பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரைச் சலித்து இரை எடுக்கும். அசையாமல் உட்கார்ந்தால் அதைக் காணலாம். சுப்ஹானல்லாஹ் தானாக வாயில் வரும். கல் எறிந்தவருக்கு அது கிடைக்கவில்லை.

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதை வருத்தியது யார் என்று விசாரித்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. அந்தத் தாயின் தவிப்புக்கே விசாரணை என்றால், இரை தேடி வந்த கூட்டத்தையே விரட்டினோமே, நமக்கு?

அந்தத் தம்பி நாளை மறுபடியும் போகிறாராம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பச் சொன்னேன். முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். எதை எடுப்பது என்பது அதற்குப் பிறகு தெரியும்.