பூட்டிய வீடும் யதீமின் உரிமையும்

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திண்ணையும் முற்றமும் கூடமுமாக எழுந்து நிற்கும் பழைய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் குடியேறிவிட்டார்கள். பெருநாளுக்கு மட்டும் திறக்கும் வீட்டை ஆதரவற்ற குழந்தைகளின் இல்லமாக ஆக்கினால் என்ன என்ற எண்ணம் சில குடும்பங்களில் எழுகிறது. யதீமை ஆதரிப்பதன் சிறப்பைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்தில் இது வியப்பன்று. ஆயினும் நல்ல நிய்யத்து ஒன்றே ஒரு செயலை முழுமையாக்கிவிடுமா? எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதற்கேள்வி, வீடு யாருடையது என்பது. மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு யதீம் சிறுவர்களுக்குச் சொந்தமானது. இலவசமாகத் தர முன்வந்தபோதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே பெற்றார்கள். அல்லாஹ்வின் இல்லத்துக்கே யதீமின் நிலத்தை விலையின்றிப் பெறலாகாது எனில், மற்ற நற்பணிகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

நம் கடலோர ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு கொடுத்த வீடு அவளுடையது. அண்ணன் தம்பியர் கூடி அதனை அறம் செய்துவிட இயலாது. பெற்றோரின் உடைமையாகவே இருந்து வாரிசுகளுக்கு வந்த வீடாயின், ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டுமே வக்ஃபு செய்யலாம். மூத்தவர் அறிவிக்க, சகோதரிகள் தலைகுனிந்து அமர்ந்திருந்தால் அது சம்மதமாகிவிடாது. வாரிசுகளுள் தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் இருப்பானாயின் அவன் பங்கைத் தானம் செய்ய அவனுக்கும் அதிகாரமில்லை. அவன் காப்பாளருக்கும் இல்லை. ஒரு யதீமின் பங்கைப் பறித்துப் பல யதீம்களுக்குக் கூரை அமைப்பது என்ன அறம்? யதீமின் பொருளை அநியாயமாக உண்போரைச் சூரா அந்நிஸா எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். தம் செல்வத்தை வஸிய்யத்து செய்ய விரும்பிய ஸஅத் (ரலி) அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கே எல்லையாயிற்று. அதுவும் அதிகமே என்றும் உணர்த்தப்பட்டது. வாரிசுகளை வறியோராக்கும் தருமத்தை மார்க்கம் விரும்பவில்லை.

இரண்டாம் கேள்வி, வீடு யாருக்கு என்பது. பருவமடையுமுன் தந்தையை இழந்த குழந்தையே யதீம் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். அதன் தாய் உயிரோடிருக்கலாம். அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் வழியில்லாமல், பெற்ற பிள்ளையை இல்லத்து வாசலில் விட்டுத் திரும்புகின்ற தாயின் கண்ணீரை நாம் நன்மைக் கணக்கில் எழுதிக்கொள்வதா? அந்தச் செலவை அவள் கையிலேயே கொடுத்தால் பிள்ளை தாய்மடியில் வளருமன்றோ? உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது மூலத்தை நிறுத்தி, விளைச்சலையே ஏழைகளுக்கும் பிறர்க்கும் வழங்கினார்கள். அவ்வாறே வீட்டை வாடகைக்கு விட்டு, வருவாயைப் பத்துத் தாய்மாரிடம் சேர்ப்பதும் யதீம்களின் இல்லமே. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது.

எனினும், தாயும் இல்லாத குழந்தைகள் உண்டு. சொந்த வீடே ஆபத்தாகிப்போன குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு இல்லம் வேண்டும். அது சிறியதாயிருத்தல் நலம். பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொருவர் பெயரும் காய்ச்சலும் கனவும் வளர்ப்பவருக்குத் தெரியும். நூறு பேர் உள்ள கூடத்தில் வரிசை எண்தான் தெரியும். யதீம்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரரே என்பது சூரா அல்பகராவின் கருத்து. தனி அடுப்பும் தனித் தட்டும் அந்தச் சகோதரத்துவத்துக்கு ஒவ்வாதவை. விருந்தினர் வரும்போதெல்லாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிழற்படம் எடுப்பதும் அத்தகையதே. குழந்தையின் தந்தை பெயரை மாற்றாது காப்பதும் கடமையாகும்.

இரக்கம் இருக்கச் சட்டம் எதற்கு என்பாரும் உளர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. குடும்பம் வாழ்ந்த வீடு என்பதனாலேயே அது பல குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது. குறுகிய மாடிப்படி, மூடப்படாத கிணறு, ஒற்றை வாசல் ஆகியவற்றை முதலில் சீர்செய்தல் வேண்டும். இல்லத்தைப் பதிவு செய்வதும், ஆதரவற்ற குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்திற்குள் உரியவர்களிடம் தெரிவிப்பதும், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படியே குழந்தையை ஏற்பதும் சட்டக் கடமைகள். பதிவின்றி நடத்துவது தண்டனைக்குரியது. யதீமின் பொருளை ஒப்படைக்கும்போதே சாட்சிகளை வைக்கச் சொல்லும் மார்க்கம், யதீமையே ஒப்படைக்கும்போது கணக்கும் கண்காணிப்பும் வேண்டாமென்று சொல்லுமா?

இத்தனை நிபந்தனையெனில் வீடு பூட்டியே கிடக்கட்டும் என்று சிலர் ஒதுங்கலாம். அது நிபந்தனைகளைத் தடையாக்கித் தப்பிக்கும் வழி. ஒளூவுக்கு நிபந்தனைகள் உண்டு என்பதற்காகத் தொழுகையை விட்டுவிடுவோமா? வாரிசுகள் அனைவரும் மனமுவந்து எழுத்தில் இசையட்டும்; தாய் உள்ள பிள்ளைக்குத் தாயிடமே உதவி சேரட்டும்; யாருமற்ற பிள்ளைக்குக் கதவு திறக்கட்டும். எவருடைய உரிமையும் மிதிபடாமல் திறக்கின்ற வாசலிலேதான் பரக்கத்து நுழையும். அத்தகைய வாசல்களை நம் ஊர்கள்தோறும் திறக்க அல்லாஹ் அருள்புரிவானாக.