கண்ணில் படாத பீலிக்குக் கடன்பட்டவர் யார்?

பினாங்கு லீத் தெருவில் இருக்கிறது சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை. ஊரார் அதை நீல மாளிகை என்பார்கள். கூரையில் விழும் மழை அங்கே மேல்தளத்து உட்கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் புதைத்த குழாய்களில் இறங்கி நடுமுற்றத்துக்கு வருகிறது. நீர் செல்வம், அது வீட்டுக்குள் வந்துதான் வெளியேற வேண்டும் என்பது சீனர்களின் பெங்சுயி நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்த ஏற்பாடு எழுப்பும் கேள்வியை ஒதுக்க முடியாது: யாரும் பார்க்கப்போகாத வேலையை ஒழுங்காகச் செய்யும் கடமை நமக்கு யாரிடம் இருக்கிறது?

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பினாங்கின் ஜார்ஜ்டவுனில், கடைவீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் கூரைநீரை வடிக்கும் பீலி வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். வெளியே தொங்கும் பீலி ஒழுகினால் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் நடப்பவர் நனைவார், அவ்வளவுதான். கூரைக்குள் புதைந்த பீலி ஒழுகினால் உத்தரம் உளுத்த பிறகே சேதி தெரியும். ஒழுக்கு பெரும்பாலும் இணைப்பில்தான் தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் தகடு வழக்கமாக 8 அடி. அதை வளைத்துச் செய்தால் 8 அடிக்கு ஓர் இணைப்பு வந்துவிடும். அதனால்தான் தகட்டுச் சுருளிலிருந்து ஒரே நீளமாக உருட்டித் தரும் பட்டறையைத் தேட வேண்டியிருக்கிறது. நீளத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. 10 மீட்டர் அலுமினியப் பீலி, வெயிலில் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 செ.மீ. நீளும், இரும்பு அதில் பாதி. நீள இடம் விடாமல் இறுக்கி அடித்தால் பீலி தன்னையே கிழித்துக்கொள்ளும். இத்தனையும் எதற்கு, துண்டுகளை ஒட்டி மேலே ஓடு போட்டு மூடினால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிற இடத்தில்தான் தகட்டு வேலை அறநெறிக் கேள்வியாகிறது.

இறைவன் பார்ப்பது உள்ளத்தை, தகரத்தையா பார்க்கிறான் என்று ஒருவர் மறுக்கலாம். பூசலார் நாயனாரைச் சாட்சிக்கு அழைக்கலாம். திருநின்றவூரில் அவர் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்குத்தானே, காஞ்சியில் மன்னன் கட்டிய கற்றளியை விட்டு, சிவன் முதலில் எழுந்தருளினார்? உண்மை. ஆனால் பெரியபுராணம் சொல்லும் பூசலார் எதையும் தாவிச் செல்லவில்லை. அடித்தளம், சுதை, கிணறு, மதில், குளம் என்று மனத்துக்குள்ளேயும் வரிசையாகக் கட்டி முடித்தார். பார்க்க ஆளில்லாத இடத்திலும் குறை வைக்காததே அவர் பக்தி. இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: மறைப்பதே பொய், நேர்மையான கட்டடம் தன் நீர்வழியைக் கருவறை நீர் வெளியேறும் கோமுகிபோல் வெளியே காட்ட வேண்டும் என்பது. கோமுகியும் வெளிவாயை மட்டுமே காட்டுகிறது. கருவறைத் தரையில் நீர் ஓடும் வழியை வெளியே நிற்பவர் பார்ப்பதில்லை. எனவே மறைப்பது குற்றமல்ல, மறைத்துவிட்டு மறப்பதே குற்றம். கோயில்கள் மறதியை நம்பி விடப்பட்டவை அல்ல. 12 ஆண்டுக்கு ஒரு கும்பாபிஷேகம் என்ற மரபு, பக்தி இருக்கிறதோ இல்லையோ, விமானத்தில் ஆளை ஏற்றிவிடுகிறது. ஜார்ஜ்டவுன் குயின் தெருவில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலும் அந்த மரபில் வந்ததே. வீட்டுக் கூரைக்கு அப்படியொரு சடங்கு கிடையாது. அந்தக் குறையைக் கட்டுகிறவர்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே பீலியை மறைக்க விரும்புகிறவர் ஓர் ஆள் இறங்கிச் சருகு அள்ளும் அகலமும், அடைத்துக்கொண்டால் நீர் வெளியே கொட்ட ஒரு மாற்று வாயும் முதலில் வைக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் பீலியை வெளியிலேயே தொங்கவிடட்டும்.