ஏழெட்டு ஐம்பத்தாறு என்று யார் சொன்னது?

ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒரு குழந்தை எதை நம்பி ஏற்றுக்கொள்கிறது? டீச்சர் சொன்னார், வாய்ப்பாட்டில் அச்சாகியிருக்கிறது, வகுப்பே சேர்ந்து சொல்கிறது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இதற்கு மேல் காரணம் கேட்பதில்லை. இதைக் கற்பித்தல் முறை பற்றிய கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல எது ஆதாரம் என்ற பழைய தத்துவக் கேள்விதான் இதற்குள்ளும் இருக்கிறது. நம் சமய மரபுகள் அதற்கு அளவை என்று பெயரிட்டு, விடாமல் வாதிட்டிருக்கின்றன. மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அதே நூலில் பின்னால் அறவண அடிகள் பௌத்த நெறிப்படி காட்சி, கருத்து என்ற இரண்டை மட்டும் ஏற்கிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியைத் தொடங்குவதே அளவையில்தான். காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவற்றை அவர் அடக்கிவிடுகிறார். கண்ணால் கண்டறிவது, கண்டதிலிருந்து உய்த்தறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டறிவது. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்த்தால், அங்கே உரை மட்டுமே ஆட்சி செய்வது தெரியும். இரண்டிரண்டு பேராகக் குழந்தைகள் ஆடும் எளிய விளையாட்டுகளை நான் ஆதரிப்பது, மற்ற இரண்டு அளவைகளையும் அவை வகுப்புக்குள் கொண்டுவருகின்றன என்பதற்காகவே.

ஒரு விளையாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு குழந்தைகள் எதிரெதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் பத்துப் புளியங்கொட்டைகள். பத்து இருப்பதை இருவரும் எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் அள்ளி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு கைகளிலும் பிரித்துக்கொள்கிறாள். ஒரு கையைத் திறந்து காட்டுகிறாள்: ஆறு. மூடிய கையில் எத்தனை? எதிரில் இருப்பவன் “நாலு” என்கிறான். அவள் கையைத் திறக்கிறாள். அடுத்த ஆட்டத்தில் அவன் மறைக்க, அவள் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்குள் நடப்பதைக் கவனியுங்கள். மொத்தம் பத்து, தெரிவது ஆறு, ஆகவே மறைந்திருப்பது நான்கு என்பது கருதல். மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதாகத் தருக்க நூல்கள் காட்டும் உதாரணத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. கை திறந்ததும் கிடைப்பது காண்டல். கருதியது கண்டதோடு பொருந்துகிறதா என்பதை அந்த நொடியிலேயே குழந்தை தானே தெரிந்துகொள்கிறது. தீர்ப்புச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. “மூணு” என்று சொன்ன பிள்ளையை எதிரில் இருப்பவள் “தப்பு” என்று சொல்லித் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை, கொட்டைகள் திருத்திவிடுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். உரையும் அளவைதானே? நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது அறிவாகாது என்றால், நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அறிவே ஆகாதே? உண்மைதான். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் எண்சுவடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் ஏற்றினார்கள். அந்தப் பயிற்சி வணிகத்துக்கும் நில அளவைக்கும் பயன்பட்டது. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்ற அந்த ஓசை ஒழுங்கு நினைவுக்குப் பெரிய துணை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நியாய தரிசனம் என்ற தருக்க மரபு ஒரு நுட்பமான கோடு போடுகிறது: நினைவை அது தனி அளவையாக ஏற்பதில்லை. முன்பு எந்த வழியில் அறிந்தோமோ, அந்த அறிவின் வலிமை எவ்வளவோ, அவ்வளவே நினைவின் வலிமை. இதை வாய்ப்பாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கேட்டதை மட்டும் நினைவில் வைத்த குழந்தைக்கு ஏழெட்டு மறந்துபோனால், சொன்னவரிடமே திரும்பிப் போக வேண்டும், அல்லது ஓரேழில் தொடங்கி வரிசையாக ஓதிக்கொண்டு வர வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பதோடு இன்னொரு ஏழு சேர்ந்தால் ஐம்பத்தாறு என்று கருதி அறிந்த குழந்தை, மறந்த இடத்தில் தானே அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். மறதி எல்லாருக்கும் வரும். மறந்தபின் குழந்தை என்ன செய்யும் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

விளையாட்டு என்பதாலேயே அறிவு வந்துவிடும் என்று நினைப்பதும் மூடநம்பிக்கைதான். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகள், பெரியவர் ஒருவரோடு, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண்கள் எழுதிய பலகையில் காய் நகர்த்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் 15 நிமிடம் வீதம் நான்கு முறை ஆடியதிலேயே எண்களின் அளவைப் பற்றிய புரிதல் கூடியது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் போட்ட பலகையில் அதே ஆட்டத்தை ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. டெல்லியில் 1,500-க்கும் மேற்பட்ட முன்பருவக் குழந்தைகளோடு மோய்ரா டில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே ஆகியோர் குழு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிகளையும் வடிவங்களையும் ஒப்பிடும் விளையாட்டுகள் குழந்தைகளின் இயல்பான கணித உணர்வை நீண்ட காலத்துக்கு வளர்த்தன. ஆனால் தொடக்கப் பள்ளிக் கணக்கில் அது பலன் தரவில்லை. விளையாட்டுக்கு எதிரானவர்கள் இந்த முடிவை நீட்டிக் காட்டுவார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். பார்த்தது சொல்லோடும் எண்ணுருவோடும் இணையாதவரை அது பள்ளிக் கணக்காக மாறுவதில்லை. புளியங்கொட்டை ஆட்டத்தில் “நாலு” என்று வாய்விட்டுச் சொல்வதும், ஆட்டம் முடிந்ததும் 6 + 4 = 10 என்று சிலேட்டில் எழுதுவதும் அலங்காரமாகச் சேர்த்தவை அல்ல. உரையும் அங்கே வேண்டும். முதலிடத்தில் வேண்டாம், அவ்வளவே.

அடுத்த மறுப்பு விளையாட்டின் பக்கமிருந்து வருகிறது. ஹாலந்துச் சிந்தனையாளர் யோஹான் ஹாய்சிங்கா 1938-இல் எழுதிய ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், விளையாட்டின் முதல் இலக்கணம் அது தானாக விரும்பிச் செய்வது என்றார். கட்டளையிட்டு ஆடவைத்தால் அது விளையாட்டாக இருக்காது என்பது அவர் நிலை. அப்படியானால் கணக்குப் பீரியடில் ஆடவைப்பது பாடத்துக்கு வேஷம் கட்டுவதாகாதா? இந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் அப்படி வேஷம் கட்டிய ‘விளையாட்டுகள்’ பள்ளிகளில் ஏராளம். ஆனால் உட்காரச் சொல்வது கட்டளையாக இருந்தாலும், உட்கார்ந்தபின் எத்தனையை மறைப்பது என்பது குழந்தையின் முடிவு. பத்தையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு வெறுங்கையைக் காட்டலாம். சுழியத்தை அப்படிக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் குறும்பு எந்தப் பாடக்குறிப்பிலும் இல்லாதது. அடுத்து என்ன வரும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. அந்தச் சுதந்திரம் இருக்கும்வரை அது விளையாட்டுதான். ஆட்டத்துக்கு மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினால், அன்றே ஹாய்சிங்கா சொன்னது உண்மையாகிவிடும்.

போட்டி பிஞ்சு மனத்தைக் காயப்படுத்தும் என்பாரும் உண்டு. இதில் பாதியை ஏற்கிறேன். யார் முதலில் சொல்வது என்ற வேகப்போட்டி தீங்கானது. கணக்கைப் பற்றிய பதற்றம், கணக்கிடத் தேவையான நினைவாற்றலையே தின்றுவிடுகிறது என்பது உளவியலில் உறுதியான முடிவு. ஆகவே கடிகாரம் வேண்டாம், முறை வைத்து ஆடட்டும். ஆனால் மொத்த வகுப்பின் முன் எழுந்து நின்று பதில் தெரியாமல் விழிப்பதைவிட, ஒரே ஒரு தோழனின் முன் தப்பாகச் சொல்வது எவ்வளவோ மேல். முப்பது பேர் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டால் ஒரு குழந்தையின் முறை முப்பது கேள்விக்கு ஒருமுறை வரும். இருவர் ஆட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்று. சேர்ந்து ஓதும்போது வாயை மட்டும் அசைத்துத் தப்பிக்கும் பிள்ளைக்கு இங்கே ஒளிய இடமில்லை. ஒளிய வேண்டிய பயமும் இல்லை.

இருவருமே தப்பாகச் சொன்னால்? ஆறேழு நாற்பத்தெட்டு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் தவறுதானே மனத்தில் ஊறும்? ஊறும். அதனால்தான், பதிலைச் சரிபார்க்கும் வழி ஆட்டத்துக்குள்ளேயே இல்லாத விளையாட்டுகளை நான் ஆதரிக்கவில்லை. இரண்டு சீட்டைத் திருப்பிப் பெருக்குத்தொகையைக் கத்துவது மட்டும் போதாது. கட்டம் போட்ட நோட்டில் ஆறு வரிசையும் ஏழு பத்தியுமாகச் செவ்வகம் வரைந்தால், சந்தேகம் வரும்போது கட்டங்களை எண்ணிவிடலாம். ஆசிரியருக்கு அப்போது தீர்ப்புச் சொல்லும் வேலை குறைந்து, காதுகொடுத்துக் கேட்கும் வேலை கூடுகிறது. ஆறேழு நாற்பத்திரண்டை ஒரு குழந்தை ஆறாறு முப்பத்தாறிலிருந்து ஏறிப் பிடிக்கிறதா, ஐந்தேழு முப்பத்தைந்திலிருந்தா, இல்லை கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறதா என்று ஜோடி ஜோடியாக நடந்து கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாரோடு யாரை உட்கார வைப்பது, யாருக்கு இன்னும் கட்டநோட்டு வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்தே முடிவுசெய்யலாம்.