ஆயுளின் வாரிசு

டெக்சாஸ் மாடுவளர்ப்புப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் 93 வயது வரை (1836–1929) வாழ்ந்தவர். 1876இல் பாலோ டியூரோ பள்ளத்தாக்கில் பண்ணை அமைத்தார். தோலுக்காகக் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளிய காலம் அது. மனைவி மேரி ஆன் வற்புறுத்த, அனாதையான கன்றுகள் சில பண்ணைக்கு வந்தன. அவை மெல்லப் பெருகி ஒரு மந்தையாயின. பிள்ளையில்லாத அந்தத் தம்பதி, ஊரார் பிள்ளைகளுக்காக 1898இல் ஒரு கல்லூரியும் தொடங்கினார்கள்.

கல்லூரி காலத்தோடு மறைந்தது. மந்தையின் வழிவந்த காட்டெருமைகளோ டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்காவில் இன்றும் மேய்கின்றன.

செய்த நன்மைகளில் எது நிலைக்கும் என்று செய்பவருக்குத் தெரியாது. அதனால், முடிந்ததையெல்லாம் செய்துவைப்பதே அறிவு. வாரிசு என்பது ரத்த உறவு மட்டுமல்ல. நம்மால் பிழைத்த எல்லா உயிரும்தான்.