முதல் சுற்றோடு ஊர் திரும்பும் பிள்ளை

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று மேடைக்குப் பின்னால் காத்து நிற்கிறது. விரல் நுனிகளில் வியர்வை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் சுருதி பார்க்கிறது. இடது தாடைக்குக் கீழே வயலின் அழுந்தி அழுந்தித் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. பல வருட உழைப்பின் தழும்பு அது. இன்னும் சற்று நேரத்தில் உள்ளே போய் வாசிக்கும். மாலையில் ஒரு பட்டியல் வரும். அதில் அதன் பெயர் இருக்காது.

இளம் வயலின் கலைஞர்களுக்காகச் சர்வதேசப் போட்டி ஒன்றை வடிவமைக்க உட்காருகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இந்தப் பிள்ளையைத்தான். பரிசு பெறப்போகிறவர்கள் நாலைந்து பேர். மற்ற எல்லோரும் இந்தப் பிள்ளைதான். வளர்ந்துவரும் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி இவர் முதல், அவர் ஏழாவது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு விதிமுறை எழுதக் கூடாது.

போட்டியே வேண்டாம் என்பவர்களின் வாதம் வலுவானதுதான். ஆனால் ஜினெட் நெவுவின் கதை குறுக்கே நிற்கிறது. 1935-இல் வார்சாவில் நடந்த முதல் வீனியாவ்ஸ்கி வயலின் போட்டியில், 15 வயதுப் பிரெஞ்சுச் சிறுமியான அவர் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் 26 வயது டேவிட் ஓய்ஸ்ட்ராக்குக்கு, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வயலின் மேதைக்கு. எல்லோரும் சொல்லும் கதை இது. அதைவிட முக்கியமானது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வியன்னாவில் நடந்தது. அங்கே ஒரு போட்டியில் நெவுவுக்கு நான்காமிடம்தான் கிடைத்தது. ஆனால் அவர் வாசிப்பைக் கேட்ட பேராசான் கார்ல் ஃப்ளெஷ், கட்டணமில்லாமல் சொல்லித்தர முன்வந்தார். வார்சாவின் வெற்றிக்கு அங்கேதான் விதை விழுந்தது. போட்டி இல்லாவிட்டால் அந்தச் சிறுமியின் வாசிப்பு அவர் காதில் விழுந்திருக்குமா? செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைக்குக் கதவு எப்படியும் திறக்கும். இல்லாத பிள்ளைக்குப் போட்டி மேடை ஒன்றுதான் கதவு. ஆகவே போட்டி வேண்டும். ஆனால் நான்காமிடத்துப் பிள்ளையையும் உட்கார்ந்து கேட்கும் காது அங்கே இருக்க வேண்டும்.

இதை உணர்ந்தவர் யெகூடி மெனுகின். 12 வயதில், 1929-இல் பெர்லினில், பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்து உலகை வியக்கவைத்தவர். சிறுவயதில் தானாக வந்த வாசிப்பு பெரியவரானதும் கைநழுவியது. எப்படி வாசிக்கிறோம் என்பதை அடியிலிருந்து மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. அந்த வலியை அறிந்தவர் 1983-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனில், 22 வயதுக்குட்பட்டவர்களுக்காக ஒரு போட்டியைத் தொடங்கினார். சுற்றில் விழுந்தவர்களும் ஊருக்குக் கிளம்பாமல் இறுதிவரை தங்கி, நடுவர்களிடமே பாடம் கேட்கலாம் என்பது அங்கே வளர்ந்த வழக்கம். 2018-இல் அதே போட்டி ஜெனீவாவில் நடந்தபோது இளையோர் பிரிவின் முதல் பரிசை 10 வயது கிறிஸ்டியன் லீக்கும் 11 வயது குளோயி சுவாவுக்கும் பகிர்ந்தளித்தார்கள். அந்த வயதில் இருவரையும் மேலும் கீழுமாக நிறுத்தாமல் விட்டது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

வரிசைப்படுத்தும் நம் திறமையைப் பற்றி நமக்கு அளவு கடந்த நம்பிக்கை. பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேர், இரவுக்கு இருவராக ஆறு இரவுகள் வாசிப்பார்கள். யார் எந்த இரவு என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் இரவில் வாசித்தவர்கள் பின்னால் வாசித்தவர்களைவிடப் பின்தங்கிய இடம் பெறும் போக்கைக் கண்டது. குலுக்கிப் போட்ட சீட்டுக்கு யார் கெட்டிக்காரர் என்று தெரியாது. அப்படியிருந்தும் அது தீர்ப்பில் கலந்துவிடுகிறது. தேர்ந்த நடுவர்களுக்கே இப்படி. நடுவரே தன் மாணவருக்கு மதிப்பெண் போடும் வழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைத் தடுக்க ஒரு வரி விதி போதும். அந்த வரியை எழுதத் தயங்கும் அமைப்பு குழந்தைகளை அழைக்கவே கூடாது.

இன்னொன்று நேரடி ஒளிபரப்பு. பதினோரு வயதில் நினைவு தப்பி நடுவில் நின்றுபோன ஒரு நிமிடம் இணையத்தில் ஆயுளுக்கும் கிடக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது இதற்குப் பதிலாகாது. வாசித்தது அந்தப் பிள்ளை. அது என்றைக்கு வந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டாலும் எடுத்துவிட வேண்டும்.

அந்த மாலைப் பட்டியலுக்கு வருவோம். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது எளிது. அதற்கு முன்பே, விலக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு நடுவர் அரை மணி நேரம் உட்கார வேண்டும். முன்னால் அது வாசித்த இசையின் தாள். இந்த இடத்தில் வில் ஏன் நடுங்கியது, இந்த மெதுவான பகுதி ஏன் எங்களை அசையாமல் உட்காரவைத்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நாற்பது பிள்ளைகள் என்றால் இருபது மணி நேரம். நடுவர்கள் கூடுதல் நாள் தங்க வேண்டும், செலவு ஏறும், ஏற்பாட்டாளர்கள் பணமில்லை என்பார்கள். முதல் பரிசுத் தொகையிலிருந்து எடுக்கலாம். முதலிடம் பெற்றவருக்குக் கச்சேரி அழைப்புகள் எப்படியும் வரும்.